படையின் அடித்தடம் யார் கணக்கில்? வடாற்காட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வழக்கும் கேள்வியும்

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டையும், கெட்டுப்போன மண்ணையும் நீரையும் மீட்கும் செலவையும் மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பின் வழியாகத்தான். நீதிமன்றத்தின் முன்னிருந்த ஆவணங்களில் ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு. ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டதாக அது கூறியது. இப்படி அளந்து எழுதிவைத்த எண்கள் கையில் இருந்ததால் வழக்கு வெறும் புகாராக நின்றுவிடவில்லை. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இழப்பீட்டைக் கணக்கிட்டு வசூலிக்கத் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தவும் உத்தரவானது.

இதே வடாற்காடு, பட்டாளத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பிவரும் மண். கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டையில் படையில் இருந்தவர் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கும் என்பதால், சுற்றுவட்டாரத்தில் அந்த ஊருக்கு மிலிட்டரிப்பேட்டை என்றே பெயர். 2019வரை வேலூர் மாவட்டத்திலும் இப்போது இராணிப்பேட்டை மாவட்டத்திலும் உள்ள அரக்கோணத்தில், கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம் இயங்குகிறது. தோல் ஆலைக்குப் பொருந்திய அளவுகோலைப் படைக்கும் பொருத்திப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். எரிபொருளைக் குறைப்பது படைக்கே வலிமை சேர்க்கும் இடங்களில் அடித்தடம், அதாவது படை சுற்றுச்சூழலின் மேல் விட்டுச்செல்லும் புகை, கழிவு ஆகியவற்றின் சுவடு, உண்மையாகவே குறைந்திருக்கிறது. அந்த ஆதாயம் கண்ணில் படாத இடங்களில், கணக்கு வைக்கும் கட்டாயமும் இல்லாததால், விழா மேடையும் மரக்கன்றும் மட்டுமே மிஞ்சுகின்றன.

ஏட்டில் ஏறாத புகை

1997இல் கியோட்டோவில் காலநிலை ஒப்பந்தம் பேசப்பட்டபோது, பன்னாட்டுப் படை நடவடிக்கைகளிலும் நாட்டு எல்லைக்கு வெளியே கப்பல், விமானப் போக்குவரத்திலும் எரியும் இராணுவ எரிபொருளை நாடுகளின் உமிழ்வுக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று அமெரிக்கா வற்புறுத்தி விலக்குப் பெற்றது. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்பாட்டில் அந்த விலக்கு நீங்கியது என்றாலும், தெரிவிப்பது அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விடப்பட்டது. விளைவு எதிர்பார்த்ததுதான்: பெரும்பாலான நாடுகளின் அறிக்கைகளில் படைகளுக்கான வரி வெறுமையாகவே இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு ஆய்வு அமைப்புகள் 2022இல் வெளியிட்ட மதிப்பீடு, உலகின் பசுமைக்குடில் வாயு உமிழ்வில் ஏறத்தாழ 5.5 விழுக்காடு படைகளுடையது என்கிறது. படைகள் அனைத்தையும் சேர்த்து ஒரு நாடாக எண்ணினால், உமிழ்வில் நான்காவது பெரிய நாடு அதுவாகத்தான் இருக்கும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மட்டும் 2017இல் ஏறத்தாழ 5.9 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான உமிழ்வை வெளியிட்டதாக ஒரு பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு படைகளின் சுற்றுச்சூழல் நாள் செய்திக் குறிப்புகளை வாசித்தால், அவற்றில் எரிபொருள் என்ற சொல் எவ்வளவு அரிதாக வருகிறது என்பது உடனே தெரியும்.

ராஜாளி: ஓடுபாதையிலிருந்து ஒரு கணக்கு

இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட பழைய விமானத் தளத்தின் மேல் எழுந்தது ராஜாளி. 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதைப் பணியில் இணைத்தார். 4 கிலோமீட்டருக்கும் சற்று நீளமான அதன் ஓடுபாதையைப் பொதுமக்கள் அறிந்துகொண்டது 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, பயணிகள் விமானங்கள் இங்கிருந்து இயக்கப்பட்டபோதுதான். சோவியத் காலத்து நான்கு இயந்திர டி.யு.-142 விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வுபெற்றன. 2013 முதல் வரத் தொடங்கிய பி-8ஐ விமானங்கள் இன்று கடற்கண்காணிப்பின் முதுகெலும்பாக உள்ளன. பி-8ஐ, போயிங் 737 பயணிகள் விமானத்தை அடியாகக் கொண்டு உருவானது. அதனால் அதன் எரிபொருள் செலவைப் பொதுவெளியில் உள்ள தகவல்களைக் கொண்டே தோராயமாகக் கணக்கிட முடியும்.

737 வகை விமானம் ஒன்று சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 2.5 டன் எரிபொருளை எரிக்கிறது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகும். எடுத்துக்காட்டாக 8 மணி நேரப் பறப்பு ஒன்றைக் கொண்டால், 20 டன் எரிபொருளும் 63 டன் கரியமில வாயுவும் ஆகின்றன. இனி இதைச் சூரியத் தகடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் மின்சாரம் தருகிறது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே ஒரு கிலோவாட் தகடு ஆண்டு முழுவதும் தவிர்ப்பது ஒரு டன் அளவே. ஒரு மெகாவாட் சூரியப் பூங்காவை நான்கு ஏக்கருக்குக் குறையாமல் பரப்பி வைத்தாலும், அது ஓராண்டில் தவிர்க்கும் உமிழ்வு இத்தகைய பறப்பு பதினாறுக்கு மட்டுமே ஈடாகும்.

இதனால் சூரியத் தகடு வேண்டாம் என்று ஆகிவிடாது. அக்னி நட்சத்திரத்தில் 40 பாகையைத் தாண்டிக் கொதிக்கும் இந்த வட்டாரத்தில், குடியிருப்புகளுக்கும் விமானக் கொட்டகைகளுக்கும் ஏசி ஓடும் பகல் நேரத்திலேயே தகடும் மின்சாரம் தருவதால், பணக் கணக்கில் அது மறுக்க முடியாத முதலீடு. தேசியச் சூரிய மின் திட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு நிறுவனங்களில் 300 மெகாவாட் நிறுவ அரசு முன்பே ஒப்புதல் அளித்தும் இருக்கிறது. ஆனால் ஒரு விமானத் தளத்தின் அடித்தடம் கூரையில் இல்லை, எரிபொருள் தொட்டியில் இருக்கிறது. கூரையைக் காட்டித் தொட்டியைப் பற்றிப் பேசாமல் விடும் எந்த அறிக்கையும் அரைக் கணக்குதான்.

தொட்டியைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது மாற்று எரிபொருள். டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து உருவாக்கிய எரிபொருளை 10 விழுக்காடு கலந்து, 2018 டிசம்பர் 17 அன்று சண்டிகரில் விமானப் படையின் ஏ.என்.-32 விமானம் பறந்தது. 2020 ஜனவரியில் லே போன்ற உயரமான தளத்திலிருந்தும் அத்தகைய விமானம் புறப்பட்டுக் காட்டியது. தொழில்நுட்பம் தேறிவிட்டது, மூலப்பொருள்தான் தேறவில்லை. 2000களில் தமிழ்நாட்டில் தரிசை எல்லாம் பொன்னாக்கும் என்று சொல்லிக் காட்டாமணக்கு நடப்பட்டதும், தண்ணீர் இல்லாத நிலத்தில் அது பேச்சளவுக்குக் காய்க்கவில்லை என்பதும் இப்பகுதி உழவர்கள் மறக்காத செய்தி. உணவுப் பயிருக்கான நிலத்தையும் நீரையும் தொடாத மூலப்பொருள் வேண்டுமென்றால், பயன்படுத்தி முடித்த சமையல் எண்ணெயே நம்பகமானது. அதன் அளவுக்கோ ஓர் எல்லை உண்டு. பயணிகள் விமான நிறுவனங்களும் அதையே தேடுகின்றன. பிரிட்டன் விமானப் படை 2022 நவம்பரில் ஒரு பெரிய விமானத்தை முழுக்க மாற்று எரிபொருளிலேயே பறக்கவிட்டது. அதுவும் முடியும் என்று காட்டிய பறப்புதானே தவிர, அன்றாட நடைமுறை ஆகவில்லை.

இரண்டாவது வழி, பறக்காமலே பயில்வது. சிமுலேட்டரில் கழியும் ஒவ்வொரு பயிற்சி மணியும் எரிபொருளை முழுமையாக மிச்சப்படுத்துகிறது. இயந்திரத் தேய்மானமும் விபத்து வாய்ப்பும் குறைவதால், படைத் தலைமைக்கு இதில் தயக்கம் இல்லை.

மூன்றாவது வழியே அளவில் பெரியது: வேலைக்கு ஏற்ற விமானத்தை அனுப்புவது. 2020 நவம்பர் முதல் குத்தகைக்கு எடுக்கப்பட்ட எம்.க்யூ.-9பி ஆளில்லா விமானங்கள் ராஜாளியிலிருந்து இயக்கப்படுகின்றன. அந்த வகை விமானத்தின் எரிபொருள் கொள்ளளவே 3 டன்னுக்குள் அடங்கும். அதைக் கொண்டே அது 30 மணி நேரத்துக்கு மேல் வானில் நிற்கும். பி-8ஐ ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எரிப்பதை அது ஒரு பகலும் ஒரு இரவும் வைத்து எரிக்கிறது. கப்பல்களின் நடமாட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலைக்கு இது போதும். நீர்மூழ்கியைத் தேடித் தாக்கும் வேலைக்கு இது போதாது. குத்தகை விமானங்களில் ஒன்று 2024 செப்டம்பரில் வங்கக் கடலில் விழுந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். கூடவே ஒரு ஐயமும் எழுகிறது. ஆளில்லா விமானத்தால் விடுபட்ட பி-8ஐயின் நேரம் தரையில் கழிந்தால் மட்டுமே மிச்சம் மிச்சமாகும். வேறொரு பறப்புக்குப் போனால் கண்காணிப்புத்தான் கூடியிருக்கும், உமிழ்வு குறைந்திருக்காது. எது நடந்தது என்பதைப் பறப்பு நேரங்களின் மொத்தக் கணக்கு மட்டுமே சொல்லும்.

பனிமலையில் டீசல்

அரக்கோணத்தில் ஒரு லிட்டர் டீசல் ஒரு லிட்டர் டீசல்தான். லடாக்கில் அப்படியில்லை. குளிர்காலத்தில் கணவாய்கள் மூடிவிடும் என்பதால், ஆறு மாதத்துக்கான டீசலும் மண்ணெண்ணெயும் கோடையிலேயே லாரிகளில் ஏற்றப்படுகின்றன. சாலை முடியும் இடத்திலிருந்து கோவேறு கழுதையும் ஹெலிகாப்டரும் சுமக்கின்றன. முன்னணிக் காவல்நிலையை எட்டும் ஒரு லிட்டருக்குப் பின்னால், வழியில் எரிந்த லிட்டர்களும் உண்டு. போர்க்களத்தில் இதற்கு உயிர்க் கணக்கும் இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் எரிபொருள் ஏற்றிச் சென்ற வாகன அணிகளில் 24க்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒருவர் கொல்லப்பட்டார் அல்லது காயமுற்றார் என்று அமெரிக்கத் தரைப்படையின் சுற்றுச்சூழல் கொள்கை நிறுவனம் 2009இல் கணக்கிட்டது. அந்த எண் வெளிவந்த பிறகு எரிபொருள் சிக்கனம் அங்கே பசுமைப் பேச்சாக இல்லாமல் படைநடத்தும் கலையின் பகுதியாகப் பார்க்கப்பட்டது.

ஜெனரேட்டர் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் டீசல் குடிக்கும்; லிட்டருக்கு 2.68 கிலோ கரியமில வாயு. சுமை குறைவாக இருக்கும்போது அது இன்னும் மோசமாகக் குடிக்கும். முன்னணி நிலைகளில் இரவெல்லாம் ஓடும் பெரிய ஜெனரேட்டர்கள் பல வேளைகளில் குறைந்த சுமையிலேயே ஓடுகின்றன. ஆகவே முதலில் செய்ய வேண்டியது புதிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. சுமைக்கு ஏற்ற அளவில் ஜெனரேட்டரை மாற்றி, நடுவில் ஒரு மின்கலத் தொகுதியை வைப்பதுதான். அதற்கு அடுத்த படியாக, லடாக்கின் சுசூலில் ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில், ஆண்டு முழுவதும் 200 கிலோவாட் தரும் சூரிய ஒளி, ஹைட்ரஜன் இணைப்பு மின்நிலையத்தை அமைக்கும் வேலையை 2024இல் பொதுத்துறை மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி. தரைப்படையோடு சேர்ந்து எடுத்துக்கொண்டது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தில் ஹைட்ரஜன் பிரித்துச் சேர்த்து, இரவில் அதிலிருந்து மின்சாரம் எடுப்பது அதன் முறை. 2021இல் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக் படைவீரர்களுக்காக வடிவமைத்த கூடாரம் இதைவிட எளிமையான பாதையைக் காட்டியது. பகல் வெயிலின் சூட்டைத் தேக்கிவைத்து, வெளியே உறைநிலைக்குக் கீழே 14 பாகை இருக்கும்போதும் உள்ளே 15 பாகை வெதுவெதுப்பை அது தந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் புகை படைவீரரின் நெஞ்சில் இறங்குவதும் அதனால் நின்றது.

இங்கே அடித்தடத்தைக் குறைக்க யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. வெள்ளை மனத்தோடு செய்தாலும் வேறு நோக்கத்தோடு செய்தாலும், லாரி குறைவது படைத் தளபதிக்கும் நல்லது, பனிமலைக்கும் நல்லது.

சியாச்சினில் சேர்ந்தது, ரயிலில் வந்தது

1984 முதல் சியாச்சின் பனியாற்றில் படை நிலைகொண்டிருக்கிறது. 2016 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரில் ஒருவர் வேலூர் மாவட்டத்தவர் என்பதால், இந்தப் பெயர் இங்கே பாடப்புத்தகச் சொல் மட்டுமல்ல. மேலே ஏறிய டப்பாவும் பீப்பாயும் வான்குடைத் துணியும் மனிதக் கழிவும் பல ஆண்டுகளாகக் கீழே இறங்கவில்லை. பனிப்பிளவில் போட்டது மறைந்துவிட்டதாகத் தோன்றினாலும், பனியாறு மெல்ல நகர்ந்து உருகும்போது அது நூப்ரா ஆற்றுநீரில் வந்து சேரும். 2018இல் தொடங்கிய தூய்மைப் பணியில் 130 டன் கழிவு கீழே கொண்டுவரப்பட்டது. அதில் ஏறத்தாழ மட்கும் கழிவு 48 டன், உலோகம் 41 டன், மட்காத மற்றவை 40 டன். வகை பிரித்து எடைபோட்டு வெளியிட்ட அந்தச் சிறு பட்டியலைப் பாராட்ட வேண்டும். படையின் கழிவுக்கு இப்படிக் கணக்கு வெளிவருவது அபூர்வம்.

குளிரில் மனிதக் கழிவு மட்காமல் கிடக்கும் சிக்கலுக்காக, பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் குவாலியர், தேஜ்பூர் ஆய்வகங்கள் குளிரிலும் வேலைசெய்யும் நுண்ணுயிர்களைத் திரட்டி உயிரிச் செரிப்பானை உருவாக்கின. காட்பாடிச் சந்திப்பில் நின்று போகும் ரயில்களின் பெட்டிகளுக்கு அடியில் தொங்கும் பெட்டி அதன் வாரிசுதான். நாடு முழுவதும் ரயில் பெட்டிகளில் இவ்வாறு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் பொருத்தப்பட்டன. தண்டவாளம் தூய்மையானதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் 2017இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அடைப்பு, துர்நாற்றம் என ஏராளமான குறைபாடுகளைப் பதிவு செய்தது. படைமுகாமில் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் கருவி பொதுவெளியில் பராமரிப்பின்றித் தடுமாறுவது இயல்பே. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ரயில்வேயில் ஒரு தணிக்கை இருந்தது என்பதைத்தான் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மதிலுக்கு உள்ளே மண்ணும் நீரும்

படையின் அடித்தடம் புகையோடு முடிவதில்லை. துப்பாக்கி சுடும் திடல்களின் மண்மேடுகளில் ஈயமும் செம்பும் சேர்கின்றன. விமானத் தளங்களில் எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையில், பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் எளிதில் சிதையாத வேதிப்பொருள்கள் நெடுங்காலம் பயன்பட்டன. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான படைத்தளங்களின் சுற்றுப்புற நிலத்தடி நீரில் அவை கலந்தது இப்போது அந்நாட்டுக்குப் பெரும் செலவாக வந்து நிற்கிறது. நுரையை மாற்றுவதும், பயிற்சியில் வெறும் தண்ணீரைப் பயன்படுத்துவதும், தளத்தின் மதிலோரக் கிணறுகளில் ஆண்டுக்கொரு முறை நீர் எடுத்துச் சோதிப்பதும் பெரிய செலவில்லை. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமியத் தொழிற்சாலையின் வளாகத்தில் மலையாகக் குவிந்த கழிவு, இன்றுவரை நிலத்தடி நீரை எப்படி விடாமல் துரத்துகிறது என்று பார்த்தவர்களுக்கு, தடுப்பதற்கும் மீட்பதற்கும் உள்ள செலவு வேறுபாட்டை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இங்கே ஒரு கதவை மூடிவைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, நாட்டுப் பாதுகாப்பு தொடர்பான திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. தோல் ஆலை வருகிறதென்றால் ஊரார் எழுந்து கேட்கலாம். படைத்தளம் விரிவடைகிறதென்றால் கேட்கும் மேடை இல்லை. இரகசியம் காக்க வேண்டிய பகுதிகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிணற்றுநீரில் என்ன கலந்திருக்கிறது என்பது எந்த எதிரிக்கும் பயன்படும் செய்தியல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்திடம் 17.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாக 2022இல் முடிந்த நில அளவை காட்டியது. வேலி போட்டு ஆள் நடமாட்டத்தைத் தடுத்த நிலம் பல இடங்களில் காட்டுயிருக்குப் புகலிடமாகியிருக்கிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில், பொக்ரான் சுடுதிடலில் இன்னும் முட்டையிடுகிறது. குண்டு விழும் இடத்தில் பறவை பிழைப்பது முரணாகத் தோன்றலாம்; மின்கம்பியும் உழவு டிராக்டரும் அங்கே வருவதில்லை என்பதே காரணம்.

கொள்முதலைப் பற்றி ஒரு குறிப்பு போதும். படைக்கு வாங்கும் பூட்ஸ், இடுப்புவார், கையுறை ஆகியவற்றின் அடித்தடம் படைமுகாமில் விழுவதில்லை, தோல் பதனிடும் ஊரில் விழுகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பே கூறுகிறது. ஒப்பந்தப்புள்ளியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் சான்றை ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பத்து அறிவிப்புகளால் ஆகாதது ஆகும். உடை விதியில் தோலைச் சேர்ப்பது வேலூரில் சிறிய விஷயமாக இருந்ததில்லை. 1806 ஜூலைப் புரட்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை.

பசுமைப் பட்டாளமும் வேலூரும்

இந்தியப் படைகளின் சூழல் பணி என்றவுடன் எல்லோரும் காட்டுவது, தரைப்படைக்குத் துணையான பகுதிநேரத் தொண்டர் படையாகிய பிரதேச இராணுவத்தின் சூழலியல் பணிப் படையை. 1982 டிசம்பர் 1 அன்று டேராடூனில், கார்வால் ரைபிள்ஸைச் சேர்ந்த 127ஆவது பட்டாலியனாக அது தொடங்கியது. சுண்ணாம்புக் கல் வெட்டி மொட்டையாக்கப்பட்ட முசோரி மலைச்சரிவுகளை மீட்பது அதன் முதல் பணி. அந்தக் குவாரிகளை மூடவைத்த டூன் பள்ளத்தாக்கு வழக்கும் வேலூர் வழக்கைப் போலவே உச்ச நீதிமன்றத்தின் சூழல் தீர்ப்புகளில் முன்னோடியானது. நீதிமன்றம் குவாரியை மூடியது. பட்டாலியன் சரிவில் தடுப்புச்சுவர் கட்டி, குழிவெட்டி, நட்டு, ஆடுமாடு புகாமல் காத்தது. பிறகு ராஜஸ்தான் பாலைநிலத்திலும், ஜம்முவிலும், குமாவுன் மலையிலும், தில்லியின் பட்டி சுரங்கப் பள்ளங்களிலும், அசாமிலும், 2017இல் மராத்வாடாவின் வறண்ட நிலத்திலும் இத்தகைய பட்டாலியன்கள் எழுந்தன. ஆட்கள் பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற படைவீரர்கள். அவர்களுடைய ஊதியத்தையும் கன்றுகளின் செலவையும் பாதுகாப்பு அமைச்சகம் ஏற்பதில்லை. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகமோ மாநில அரசோ ஈடுசெய்கிறது.

இந்தப் பட்டாலியன்களின் சிறப்பு, நட்டுவிட்டுப் போகாமல் அங்கேயே ஆண்டுக்கணக்கில் முகாமிட்டிருப்பதில் இருக்கிறது. ஒரே நாளில் லட்சம் கன்று நட்டதாக மாவட்டந்தோறும் நடக்கும் விழாக்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, அடுத்த சித்திரையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்பதுதான். ஆயினும் இதைப் படையின் அடித்தடக் குறைப்பாகக் காட்டுவது தவறான கணக்கு. மரம் வளர்ந்து கரியமில வாயுவை ஈர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும். டீசல் இன்றைக்கே எரிகிறது. அதோடு, மாநில வனத்துறை பணம் கொடுத்து மீட்ட காட்டின் பயனைப் படை தன் பெயரில் வரவு வைத்தால், அதே காட்டை மாநிலமும் தன் காலநிலைக் கணக்கில் வரவு வைக்கும். ஒரே மரம் இரண்டு ஏட்டில் ஏறுவதைத் தடுக்க, இதனை மறுசீரமைப்பு என்ற தனித் தலைப்பில்தான் எழுத வேண்டும்.

அப்படி எழுதினால், வடாற்காட்டுக்கு இப்படி ஒரு பட்டாலியன் பொருத்தமா என்று நேராகக் கேட்கலாம். பொருத்தமே என்பது இந்த ஆய்வின் கருத்து. பதினைந்து, பதினேழு ஆண்டுப் பணி முடித்து நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பும் படைவீரர்கள் இங்கே ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்கு இன்று கிடைக்கும் வேலை, முன்னாள் படைவீரர்களுக்கான தமிழ்நாடு அரசு நிறுவனமான டெக்ஸ்கோ வழியாகவோ தனியார் நிறுவனம் வழியாகவோ வரும் காவலாளி வேலை. வேலையோ கண்ணெதிரே கிடக்கிறது: மண் அரித்துப் பாறை தெரியும் வேலூர்க் குன்றுகள், சந்தனம் போன இடம் தெரியாமல் போன ஜவ்வாது மலைச்சரிவுகள், மணல் அள்ளிப் பள்ளமான பாலாற்றுப் படுகை. கணியம்பாடி வட்டாரத்தில் நாகநதியின் படுகையில், நூறு நாள் வேலைத் திட்டத்தில் பெண்கள் உறைகிணறு இறக்கி நிலத்தடி நீரை மீட்டது ஏற்கெனவே கைக்கெட்டிய முன்மாதிரி. பட்டாலியன் வந்தால் அந்த வேலையைப் பறிக்கக் கூடாது, மேல்மலையில் அதன் நீர்ப்பிடிப்பைக் காக்க வேண்டும்.

தடைகளும் சிறியவையல்ல. ஜவ்வாது மலை காலி நிலம் அன்று. அங்கே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும் சாமை வயல்களும் மேய்ச்சலும் உண்டு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தொழிலாளர்களில் இந்த மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். சீருடையைக் கண்டால் அஞ்சுவதற்கு அங்கே காரணம் இருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபையின் ஒப்புதல் பெற்று, மேய்ச்சல் நிலத்தை விட்டுவைத்து, நாற்றங்கால் வேலையை மலைமக்களிடம் கொடுத்த பிறகே பட்டாலியன் மலையேற வேண்டும். முதலில் ஒரு கம்பெனி அளவில், அதாவது நூறு பேருக்குச் சற்று மேல் வைத்து, குன்றுகளிலும் ஆற்றோரத்திலும் தொடங்குவது நடைமுறைக்கு ஏற்றது.

ஏட்டில் வர வேண்டிய வரிகள்

எரிபொருள் கணக்கை வெளியிட்டால் படையின் ஆயத்த நிலை எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பது வழக்கமான மறுப்பு. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் தன் உமிழ்வை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதனால் அதன் படை பலவீனமாகிவிட்டதாக யாரும் சொல்லவில்லை. தளவாரியாகவோ மாதவாரியாகவோ வேண்டியதில்லை. முப்படைகளுக்கும் சேர்த்து, இரண்டாண்டு தாமதத்தோடு, விமான எரிபொருள், கப்பல் எரிபொருள், டீசல், மின்சாரம் என்று நான்கு வரி போதும். அவற்றோடு தள அளவில், மதிலோரக் கிணறுகளின் நீர்ச் சோதனை முடிவை மட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பினால், மூடிய கதவில் ஒரு சன்னலாவது திறக்கும். அமெரிக்கத் தரைப்படை 2022இல் 2030க்குள் உமிழ்வைப் பாதியாக்குவதாக அறிவித்ததும், 2025இல் அரசு மாறியவுடன் அந்தத் திசையே கைவிடப்பட்டதும் காட்டுவது போல, இலக்கு என்பது ஆட்சியோடு மாறக்கூடியது. கணக்கெடுப்பு சட்டப்படி நடந்தால் அதை அவ்வளவு எளிதில் நிறுத்த முடியாது.

வேலூர்ப் பட்டாலியனைப் பொறுத்தவரை, முதல் முடிவு பணத்தைப் பற்றியது. மராத்வாடாவுக்கு மகாராஷ்டிர அரசு செய்தது போல, செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்று, வனத்துறையின் வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக வைக்க வேண்டியிருக்கும். பாலாறு மாசு வழக்குகளில் தோல் ஆலைகளிடமிருந்து வசூலாகும் இழப்பீட்டில் பயனாளிகளுக்குச் சேர வேண்டியது போக மிஞ்சுவதை ஆற்றுப்படுகைப் பணிக்குத் திருப்ப முடியுமா என்பதையும் சட்டத்துறை பார்க்கலாம். இங்கே நடவு புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பியது. அதற்குக் குழி வெட்டவும் கன்று தயாராகவும் சித்திரைக்குள் ஆள் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் தாக்கலாகும் மாநில வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறாத ஆண்டில், அந்த ஆண்டின் மழையும் வீணாகும்.